வாயில்லா ஜீவனும் நம் வீட்டுப் பந்தியும்

கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி வட்டத்தைச் சேர்ந்த நாகரசம்பட்டியில் நமக்கு நெடுநாள் பழக்கமான கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் பர்கூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அவருடைய தாயார் நாலைந்து வெள்ளாடுகளை மேய்த்துக்கொண்டு வீட்டோடு காலம் கழிப்பவர். சென்ற ஆண்டு அவ்வீட்டுச் சிறுவனுக்குப் புதுநன்மை. திருப்பலி முடிந்ததும் உற்றார் உறவினர்க்கெல்லாம் பந்தி நடந்தது, நம்மையும் அழைத்திருந்தனர். வீட்டிலேயே பிறந்து வளர்ந்த கிடாய்க்குட்டி ஒன்றை அன்று விடியற்காலையில் அறுத்திருந்தார்கள். இம்மாவட்டத்திலும் தருமபுரி, சேலம் பக்கங்களிலும் காணப்படும் சேலம் கருப்பு என்னும் இனம் அது.

எட்டாம் வகுப்பில் படிக்கும் அவ்வீட்டு மூத்த பெண் தன் இலைக்குக் குழம்பு வந்தபோது கையை நீட்டித் தடுத்துவிட்டாள். வெறும் இரசச் சோறு உண்டாள். கண்கள் சிவந்திருந்தன. "ஆடு அறுபடறதுக்குன்னே ஆண்டவர் படைச்சது. இதுக்குப் போய் அழுவாங்களா கண்ணு?" என்று ஆயா தேற்றிப் பார்த்தார். சிறுமி ஆயாவுக்கு விடை சொல்லாமல் நம் பக்கம் திரும்பி, "ஐயா, கத்தி பட்டப்போ அதுக்கும் நமக்கு வலிக்கிற மாதிரியே வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் இல்லை அம்மா. ஆட்டுக்கு நம்மைப்போல் அறிவு கிடையாதே" என்று சொல்லி வைத்தோம். அவள் மேலே ஒன்றும் பேசவில்லை. முற்றத்தில் கட்டியிருந்த தாய் ஆடு விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. நாமோ இரண்டாம் முறையும் கறி வாங்கி உண்டோம். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் சொன்ன மறுமொழியே நம்மை உறுத்திக்கொண்டு வந்தது. அச்சிறுமி அறிவைப் பற்றிக் கேட்கவில்லையே! வலியைப் பற்றியல்லவா கேட்டாள்? கேட்ட கேள்விக்கு விடை கூறாமல், கேளாத கேள்விக்கு விடை கூறி ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிட்டோம். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைக் காலந்தாழ்த்தியேனும் இங்கே சொல்ல முயல்கிறோம். நம் வாசகர்களின் இல்லங்களிலும் இக்கேள்வி எழுந்திருக்கும் அன்றோ?

நாம் செய்த தவறு புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுத் தத்துவ மேதை தெகார்த், விலங்குகளைக் கடிகாரம் போன்ற இயந்திரங்கள் என்று கருதினார். அடிபட்ட நாயின் ஓலம் அவருடைய வழி வந்தோருக்குச் சக்கரம் கிறீச்சிடும் ஓசையாகவே தோன்றிற்று. 1789ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில் ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தம் கேள்வியை வேறு விதமாகப் போட்டார். விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா, பேசத் தெரியுமா என்பவை வீண் ஆராய்ச்சி; அதனால் துன்புற முடியுமா என்பதே பார்க்க வேண்டியது என்பது அவர் கருத்து. நாகரசம்பட்டிச் சிறுமி பெந்தமைப் படித்தவளல்லள். எனினும் அவள் கேட்டதும் அதுவே.

ஆட்டின் தோலிலும் தசையிலும் வலியை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை முதுகுத் தண்டின் வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நமக்கு வலியை ஆற்றும் மருந்துகளுள் பல அதற்கும் ஆற்றுகின்றன. கால்நடை மருத்துவர் அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பது இதனாலேயே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நொண்டும் பிராய்லர் கோழிகளுக்கு முன் இரண்டு வகைத் தீனி வைத்தார்கள். ஒன்றில் வலி நிவாரணி கலந்திருந்தது, மற்றதில் இல்லை. நொண்டும் கோழிகள் மருந்து கலந்த தீனியையே மிகுதியாகக் கொத்தின. நொண்டல் முற்றியவை இன்னும் மிகுதியாகக் கொத்தின. நலமாய் நடக்கும் கோழிகளுக்கு அந்த நாட்டமில்லை. வலி இல்லாத ஒன்று எதற்காக வலிக்கு மருந்து தேடும்?

மீனைப் பற்றியும் ஒரு சொல். தபசு கால வெள்ளிகளில் கறியை விலக்கிவிட்டு மீன் குழம்பு வைப்பதில் நம் இல்லத்தரசிகளுக்கு மனச்சங்கடம் ஏதுமில்லை. மீனுக்கு ஏது வலி என்பது பொது எண்ணம். 2003ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் டிரவுட் மீனின் உதட்டில் எரிச்சலூட்டும் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தனர். சில மீன்கள் உதட்டைத் தொட்டியின் சரளைக் கற்களில் தேய்த்தன. நெடுநேரம் இரை தொடவில்லை. மார்பின் கொடுத்தபின் இந்நடத்தை குறைந்தது. மீனின் வலி நம் வலியைப் போன்றதுதானா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் வழக்குண்டு. பாலூட்டிகளையும் பறவைகளையும் பற்றி அவ்வளவு வழக்கில்லை. 2012 ஜூலையில் கேம்பிரிட்ஜிலும், 2024 ஏப்ரலில் நியூயார்க்கிலும் கூடிய அறிவியலார் அவற்றுக்கு உணர்வுநிலை உண்டென்பதற்குத் தக்க சான்று இருப்பதாக அறிக்கை விடுத்தனர்.

"ஆட்டின் உள்ளே புகுந்து பார்த்தவர் யார்?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் குழந்தைகளின் கதையையே சொல்ல விரும்புகிறோம். பிறந்த சிசுவுக்கு நரம்பு மண்டலம் முதிரவில்லை, ஆகவே வலி தெரியாது என்ற எண்ணம் மருத்துவ உலகில் நீண்ட காலம் நிலவிற்று. 1980களிலும் குறைமாதக் குழந்தைகள் பலவற்றுக்குப் போதிய வலி நிவாரணி இன்றியே நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். அசையாதிருக்க மருந்து கொடுத்தார்கள். வலி தீர்க்க அன்று! இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்ற மருத்துவர் ஆனந்தும் அவருடைய தோழர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வே, வலி நிவாரணி பெற்ற சிசுக்கள் உடல் அதிர்ச்சியினின்று நன்கு தப்பின என்பதைக் காட்டி அவ்வழக்கத்தை அசைத்தது. நம் இனத்தைச் சேர்ந்த குழந்தை வீரிட்டு அழுவதையே "வெறும் அனிச்சைச் செயல்" என்று ஒதுக்கிய படித்த உலகம், ஆட்டின் கத்தலை எவ்வளவு எளிதில் ஒதுக்கும்!

ஆயின் நமக்கு வலிப்பது போன்றேதான் அதற்கும் வலிக்கிறதா? இங்கே சற்று நிதானிக்க வேண்டும். மனிதனின் துன்பம் உடலோடு நிற்பதில்லை. நாளை நேரப்போவதை எண்ணி இன்று உறக்கம் இழக்கிறோம். நோயில் கிடப்பவர் மக்களின் கதி என்ன என்று நினைத்து உருகுகிறார். அவமானமும், குற்ற உணர்வும், "ஏன் எனக்கு?" என்ற கேள்வியும் நம் வலியோடு பின்னிக் கிடக்கின்றன. புதுநன்மைக்கு முந்தின இரவில் அந்தக் கிடாய் நாளைய கத்தியை நினைத்து விழித்திருக்கவில்லை. அசைபோட்டுக்கொண்டு நன்றாகப் படுத்திருந்தது என்று ஆயாவே சொன்னார். இவ்வகையில் அதன் துன்பம் நம் துன்பத்தினும் சிறியது எனலாம்.

மறுபுறமும் ஒன்று உண்டு. குழந்தைக்கு ஊசி போடும்போது தாய், "இதோ, இன்னும் ஒரு நொடிதான் ராசா" என்கிறாள். அந்த ஒரு சொல்லால் வலி பாதியாகிவிடுகிறது. நோயாளி தன் வேதனையை ஆண்டவர் பாதத்தில் ஒப்புக்கொடுத்து ஆறுதல் அடைகிறார். விலங்குக்கு இந்தச் சொல்லை யார் சொல்வது? முடிவுண்டு என்றோ பொருளுண்டு என்றோ அறியாத உயிருக்கு அந்த நேரத்து வலியே உலகம் முழுவதும். அறிவு குறைவு என்பதால் வலியும் குறைவு என்று நாம் சொன்னது எவ்வளவு அவசரமான மறுமொழி என்பது இதை எண்ணியபோதுதான் நமக்கு விளங்கிற்று.

அந்தத் தாய் ஆட்டைப் பற்றியும் தேடிப் படித்தோம். இலண்டன் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரையின்படி, குட்டிகளைப் பிரித்து ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பின்னும் தாய் வெள்ளாடுகள் தம் குட்டியின் குரலைப் பிற குட்டிகளின் குரலினின்று பிரித்தறிந்தன. இதை ஆயாவிடம் சொன்னபோது, "இதைக் கண்டுபிடிக்க இலண்டன் போகணுமா?" என்று சிரித்தார். ஆடு மேய்த்தவர்க்கு அது எந்நாளும் தெரிந்த செய்திதான்.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது? புலால் உண்பது பாவம் என்று அது ஒருநாளும் கற்பித்ததில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகத் தரப்படுபவை செடி கொடிகளும் கனிகளுமே. பெருவெள்ளத்துக்குப் பின், ஒன்பதாம் அதிகாரத்தில்தான் இறைச்சிக்கு அனுமதி வருகிறது. அதுவும் இரத்தத்தை விலக்கி. பாஸ்கா ஆட்டுக்குட்டியை உண்ட குலத்தில் நம் ஆண்டவர் பிறந்தார். உயிர்த்தபின் சீடர் முன்னிலையில் பொரித்த மீனை உண்டார் என்று லூக்காஸ் எழுதுகிறார். ஆகவே மரக்கறி உணவே கிறிஸ்தவனுக்குரியது என்று வாதாடுவோர் விவிலியத்தை முழுதும் படித்தவராகார்.

ஆனால் உண்ணலாம் என்ற அனுமதியோடு விவிலியம் நின்றுவிடவில்லை. ஆட்டையோ மாட்டையோ அதன் கன்றோடு ஒரே நாளில் வெட்டலாகாது என்கிறது லேவியர் ஆகமம். குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்கலாகாது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது. பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது. ஓய்வுநாள் எருதுக்கும் கழுதைக்கும் உரியதே. பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட்டுத்தான் போக வேண்டும். நீதிமான் தன் கால்நடையின் உயிரையும் பேணுவான் என்று நீதிமொழிகள் ஆகமம் கூறுகிறது. நினிவே நகரின்மேல் ஆண்டவர் இரங்கியதற்குக் காரணம் சொல்லும்போது யோனாஸ் ஆகமத்தின் கடைசி வரி மக்களை மட்டும் சொல்லவில்லை. அங்கிருந்த திரளான விலங்குகளையும் சேர்த்தே முடிகிறது. மறைக்கல்வி வகுப்புகளில் யோனாசை மீன் விழுங்கியதைப் படம் வரைந்து காட்டுகிறோம். இந்தக் கடைசி வரியை யாரேனும் சொல்லிக் கொடுத்ததாக நமக்கு நினைவில்லை.

விலங்கைக் கொடுமைப்படுத்துபவன் நாளடைவில் மனிதரையும் கொடுமைப்படுத்துவான் என்பதற்காகவே அதைத் தடுக்க வேண்டும் என்று புனித தோமா அக்குவினார் எழுதினார். விலங்கின் பொருட்டே என்று அவர் சொல்லவில்லை, அதை மறைப்பதற்கில்லை. 1567இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் காளைச் சண்டைகளைக் கடுமையாகத் தடை செய்தபோதும் மனித உயிரும் ஆன்மாவும் கெடுவதே முதன்மைக் கவலையாயிருந்தது. பின்னாளில் கர்தினாலாகிப் புனிதரான நியூமன், கத்தோலிக்கராகும் முன்னரே நிகழ்த்திய ஒரு மறையுரையில், தீங்கு செய்யாத, எதிர்த்து நிற்க வலியற்ற விலங்கு படும் துன்பத்தை முன்வைத்து, செம்மறியான கிறிஸ்துவின் பாடுகளை உணர்ந்துகொள்ளச் சொன்னார். 1992ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. உணவுக்கும் உடைக்கும் அவற்றைப் பயன்படுத்தலாம். தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே இழுக்கு. ஏழைக்குப் போக வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடலாகாது என்பதையும் அதே பகுதி சேர்த்துச் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் இப்போதனையை மீண்டும் எடுத்துக்காட்டினார்.

"தேவையின்றி" என்ற அச்சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எது தேவை? யார் முடிவு செய்வது?

இதைப் பேசத் தொடங்கினால் நம் நாட்டில் பேச்சு வெகு விரைவில் வேறெங்கோ போய்விடுகிறது. இராபர்ட் தே நொபிலி சுவாமியின் வரலாற்றையே பாருங்கள். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இந்த இத்தாலிய இயேசு சபைக் குரு, மீனும் கறியும் நீக்கி, நாளுக்கொரு வேளை சோறும் காய்கறியும் உண்டு, காவியுடுத்த துறவியாக வாழ்ந்தார். தத்துவ போதகர் என்று தமிழகம் அவரைப் போற்றிற்று. ஆட்டுக்கும் கோழிக்கும் இரங்கி அவர் புலாலை விட்டாரா? அன்று. பறங்கியர் மாட்டிறைச்சி தின்று மது அருந்துவோர் என்று இகழ்ந்து மேற்குலத்தார் நற்செய்தியைக் கேட்க மறுத்தனர். அத்தடையை நீக்கவே விட்டார். அவருடைய தியாகம் பெரிது. ஆனால் உண்ணும் உணவைக் கொண்டு மனிதரை மேல் கீழாக அடுக்கும் வழக்கத்துக்கு அது பணிந்து போயிற்று என்பதும் மெய். அந்த அடுக்கு இன்னும் சாயவில்லை. மாட்டிறைச்சி உண்பவர் என்று சொல்லிக் காட்டியே நம் பங்கு மக்களில் எத்தனையோ குடும்பங்களை ஊரார் ஒதுக்கினர். கூடவே திருப்பலி காணும் நம்மவரும் ஒதுக்கினர். இரக்கம் என்ற பெயரில் மறுபடியும் ஒருவர் அவர்கள் சட்டிக்குள் எட்டிப் பார்ப்பாரானால், அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இல்லையா?

சட்டங்களிலும் இதே நிலைதான். நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் பசு, காளை, எருது எதையும் அறுக்கலாகாது என்று விதித்தது. தமிழகமோ 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் பத்து வயது கடந்து உழைப்புக்கு உதவாத மாட்டை அறுக்கச் சான்றிதழ் தர வழி வைத்தது. எந்த விலங்கு என்பதே இவற்றின் கேள்வி. 2003 ஆகஸ்டில் தமிழக அரசு கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திடீரெனச் செயற்படுத்த முனைந்தது. சிற்றூர்த் தெய்வங்களுக்குக் கிடாய் வெட்டி வந்த எளிய மக்கள் வருந்தினர், எதிர்ப்பு வலுத்தது, 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. கோயில் வாசலில் வெட்டப்படும் கிடாய்க்கு இரங்கிய அந்தச் சட்டம், அடுத்த தெருக் கறிக்கடையில் வெட்டப்படும் கிடாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்த இடம் என்பதே அதன் கேள்வி. எவ்வளவு வலி என்று யாரும் கேட்கவில்லை. அந்தோணியார் திருத்தலங்கள் சிலவற்றில் நம்மவரும் நேர்ச்சைக் கிடாய் வெட்டிச் சமைத்துப் பகிர்வதுண்டு. முனியப்பனுக்கு வெட்டுவோரைப் பார்த்து நாம் விரல் நீட்ட வழியில்லை.

வலியைப் பற்றிக் கேட்ட சட்டம் ஒன்றும் உண்டு. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேலின் விடாமுயற்சியின் பயனாக வந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அது. உணவுக்காகக் கொல்வதை அது குற்றமாக்கவில்லை. தேவையற்ற வேதனையைக் குற்றமாக்கிற்று. அதன்கீழ் 2001இல் வந்த அறுவைக்கூட விதிகள், சினையான விலங்கையும், மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியையும், அவ்வயதுக் குட்டியுள்ள தாயையும் அறுக்கலாகாது என்கின்றன. ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கலாகாது என்றும் சொல்கின்றன. லேவியர் ஆகமத்தையும் இதையும் அருகருகே வைத்துப் படித்தபோது நமக்கு வியப்பாயிருந்தது.

நாகரசம்பட்டிக் கிடாய் உண்மையில் எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும்? கத்தி கூராயிருந்து, கழுத்தின் இரு பக்கத்துப் பெருநாடிகளையும் ஒரே இழுப்பில் அறுத்தால் ஆட்டின் மூளைக்கு இரத்தம் நின்று சில விநாடிகளில் நினைவு தப்பிவிடும். மாட்டுக்குப் பிடரி வழியாகவும் மூளைக்கு இரத்தம் செல்வதால் இன்னும் நேரமாகும். கத்தி மழுங்கியிருந்தால், கை தயங்கினால், கட்டிப்போட்டு நெடுநேரம் காக்க வைத்தால் வேதனை நீளும். அந்தக் கிடாய் எட்டு மாதம் தாயோடு திரிந்தது, வேலியோரத்து இலை தழைகளை மேய்ந்தது, கடைசிச் சில விநாடிகள் தவிர அச்சம் அறியாதது. விலங்குகளின் துன்பத்தை எடைபோட்டால் அதன் பங்கு மிகச் சிறியது என்றே நாம் துணிந்து சொல்வோம்.

பெருஞ்சுமை வேறிடத்தில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாக நாமக்கல் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவில் பயணம் செய்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். அடுக்கடுக்கான கூண்டுகளில் கோழிகளை அடைத்துக்கொண்டு லாரிகள் விரையும். இறகு பறக்கும், நாற்றம் வீசும், நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வோம். நாட்டின் முட்டைத் தொழிலில் நாமக்கல்லின் இடம் எல்லாரும் அறிந்தது. நம் பக்கத்து மத்திகிரியில் கோழியின உற்பத்திக்கென்றே அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது.

முட்டைக் கோழியைக் கம்பிக் கூண்டில் மூன்று நான்காகச் சேர்த்து அடைக்கிறார்கள். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நீங்கள் கையில் வைத்திருக்கும் இம்மாத இதழை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும். சிறகை விரிக்க முடியாது. மண்ணில் புரள முடியாது. முட்டையிடும் நேரம் வந்தால் ஒதுங்க ஒரு மூலை கிடையாது. வெயிலைப் பாராமல் ஓராண்டுக்கு மேல் முட்டையிட்டு ஓய்ந்தபின் அது கறிக்குப் போகிறது. முட்டையிடாத சேவற்குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவது இத்தொழிலின் வழக்கம். கறிக்கோழியின் கதை வேறு. கனடாவில் 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஐம்பத்தாறாம் நாளில் பழைய இனம் ஏறக்குறைய 900 கிராம். புதியது 4 கிலோவுக்கு மேல்! அந்தப் பாரத்தைத் தாங்காமல்தான் முன்பு சொன்ன பிரிஸ்டல் கோழிகள் நொண்டின. பிறகு காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்குகிறார்கள். பறவைக்கு நம்மைப்போல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே தடுப்புத் தசை இல்லை. தலைகீழாகத் தொங்கினால் குடல் சரிந்து மூச்சை அழுத்துகிறது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போகிறவர்கள் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கைப்பிடி நிறையக் கோழிகள் இப்படித் தொங்கக் கண்டிருப்பார்கள். திருப்பலி முடிந்த கையோடு அங்கே போய் நாமும் அப்படித் தூக்கி வந்திருக்கிறோம்.

இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் அளித்த தன் 269ஆம் அறிக்கையில் முட்டைக் கோழிகளின் கூண்டுகளையும் கறிக்கோழிகளின் வளர்ப்பையும் ஆராய்ந்து புதிய விதிகளுக்கு வரைவு தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வெறுங் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் விலக்கிவிட்டது. "அவர்கள் பணக்காரர்கள், அவர்களால் முடியும்" என்று ஒரு பண்ணைக்காரர் நம்மிடம் சொன்னார். அவர் கொடியவரல்லர். கடன் வாங்கிக் கொட்டகை போட்டவர். தீனி விலையும் முட்டை விலையும் அவர் கையில் இல்லை. கூண்டை அகலமாக்கினால் முட்டை விலை ஏறும். ஏறினால் முதலில் இழப்பவர் யார்? பள்ளிச் சத்துணவில் தட்டில் விழும் முட்டையே பல குழந்தைகளுக்கு அன்றைய நல்ல உணவு. அந்த முட்டையைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. நாகரசம்பட்டிச் சிறுமியும் பள்ளியில் அதை உண்டு வளர்ந்தவளே.

ஆனால் நம்மில் பலருடைய தேவை அதுவன்று. முன்னாளில் நம் பாட்டிமார் காலத்தில் கறி எடுப்பது தீபாவளி, கிறிஸ்மஸ், பாஸ்கு, ஊர்த் திருவிழா என்று விரல்விட்டு எண்ணும் நாட்களில்தான். இன்று தொழிற்சாலைச் சம்பளம் வந்தபின் வாரத்தில் மூன்று நாள் கோழி வாங்கும் இல்லங்கள் உண்டு. பாதி தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் திருமண விருந்துகளும் உண்டு. நாற்பது நாளில் வளர்ந்து நொண்டி லாரியில் வந்த உயிர் அது. எறிந்துவிட்ட அந்தப் பாதியை எந்தத் தேவைக் கணக்கில் எழுதுவது?

திருச்சபை நம் கையில் பழைய கருவி ஒன்றைத் தந்தே வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் அதன் பெயர். 1966இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதன் ஒழுங்கைத் தளர்த்தி, அந்தந்த நாட்டு ஆயர்கள் வேறு தவமுயற்சியை ஏற்படுத்தலாம் என்று வழிவிட்டார். நாமோ வேறு தவமுயற்சியையும் செய்யாமல் சுத்தபோசனத்தையும் மறந்தோம். ஆண்டவரின் பாடுகளை நினைத்து நம் உடலை ஒறுக்க ஏற்பட்டது அது, விலங்குக்காக ஏற்பட்டதன்று. என்றாலும் மீனையும் சேர்த்து விட்டு, கீரையும் பருப்புமாக அதை மீண்டும் கைக்கொள்ளும் இரண்டொரு குடும்பங்களை நாம் அறிவோம். கூண்டில் கிடப்பதையும் அன்று நினைத்துக்கொள்கிறோம் என்று ஒரு தாய் சொன்னார். ஜனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாளில் நம் பங்குகள் சிலவற்றில் ஆடுமாடுகளைக் கொண்டுவந்து நிறுத்தித் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் செய்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு கறிக்கோழியை யாரும் கொண்டுவந்து நாம் பார்த்ததில்லை.

சென்ற மாதம் மீண்டும் நாகரசம்பட்டிக்குப் போனபோது இவற்றையெல்லாம் அச்சிறுமியிடம் சொன்னோம். முதலில், "அன்று நாங்கள் சொன்னது தவறு அம்மா. அதற்கு வலித்திருக்கும். நெடுநேரம் வலித்திராது" என்று சொன்னோம். அவள் தலையசைத்தாள். கறி உண்பதில்லை என்பதில் இன்னும் உறுதியாயிருக்கிறாள்; பங்குக் குருவானவர், அது பாவமுமில்லை, கட்டாயமுமில்லை, உன் விருப்பம் என்று சொல்லிவிட்டாராம். தம்பி நன்றாக உண்கிறான். வீட்டில் இதற்காகச் சச்சரவு இல்லை.

ஆயாதான் நம்மைத் தனியே அழைத்து ஒன்று சொன்னார். அன்று கிடாயை அறுத்தது தாய் ஆடு கட்டியிருந்த கொட்டகைக்கு எதிரிலேயாம். மூன்று நாள் அது தீனி எடுக்கவில்லையாம். "அடுத்த தடவை பின்னால மாந்தோப்புப் பக்கம் ஓட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன் ஐயா. அதுங்க கண்ணுல படக்கூடாது" என்றார். அறுவைக்கூட விதிகளை அவர் படித்தவரல்லர். நாம் விடைபெற்றபோது சிறுமி வாசல்வரை வந்தாள். "அப்போ முட்டை, ஐயா?" என்று கேட்டாள். வீட்டுக் கோழி இட்டதா, கடை முட்டையா என்று கேட்டோம். "ரெண்டுந்தான்" என்றாள். அடுத்த முறை வரும்போது சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.